ஆட்டிசம் உள்ள பெண்ணால் தனித்து இயங்க முடியுமா? சினிமாவில் காட்டுவது நம் ஊரில் நடக்குமா?

கேள்வி கேட்டவர் தன் மகளுக்கு 17 வயது, ஆட்டிசம் உண்டு என்று எழுதியிருக்கிறார். ‘ப்ளீஸ் ஸ்டாண்ட் பை’ படம் பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்கு நடக்கிற காரியமா என்று கேட்கிறார். நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டைக்காரி, ஆட்டிசம் உள்ள 26 வயதுப் பெண்ணின் அக்கா. அந்தப் படத்தைத் தங்கச்சியோடு உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக: 2017-இல் வந்தது, பென் லூயின் இயக்கியது. டகோட்டா ஃபேனிங் நடித்த வெண்டி ஒரு காப்பகத்தில் தங்கி, இனிப்பு பன் கடையில் வேலை பார்க்கிறாள். எந்தக் கிழமைக்கு எந்த நிற ஸ்வெட்டர் என்பது முதல் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. ஆனால் ஒரு போட்டிக்காக அவள் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளிக் கதைத் தொடருக்குத் திரைக்கதை ஒன்று எழுதியிருக்கிறாள், 400 பக்கத்துக்கு மேல். தபாலில் அனுப்ப நாள் தப்பிவிட, நேரில் கொடுக்க லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிவிடுகிறாள்.

சில நாளில் எல்லாம் கூடிவருவது சினிமா. எங்களுக்கு வருஷக்கணக்கில் ஆனது. ஆனால் ஒரு விஷயத்தில் படம் சொல்வது சத்தியம். வெண்டிக்கு ரோட்டைக் கடக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. அவளைக் கடக்க வைத்தது அந்தத் திரைக்கதை. அவளுக்கென்று ஒரு காரியம் இருந்தது.

என் தங்கச்சிக்கு 14 வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. அதுவரை “அடக்கமான பிள்ளை” என்றே பள்ளிக்கூடத்தில் எழுதித் தந்தார்கள். பேசாமல் இருந்தால், தலை குனிந்து நடந்தால், பொம்பளப் பிள்ளைக்கு நம் ஊரில் அது பாராட்டு. 1943-இல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் முதன்முதலாக ஆட்டிசம் பற்றி விவரித்து எழுதிய 11 குழந்தைகளில் 3 பேர்தான் பெண்கள். அன்றைக்கே ஆம்பளப் பிள்ளைகளின் சமாச்சாரமாகத் தொடங்கியது, எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. என் தங்கச்சி மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போதெல்லாம் பாத்ரூமுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள் என்பது எனக்கே பிறகுதான் தெரியும். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

பிளஸ் டூ முடித்தபின் சும்மா இருந்தாள். வீட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட்டுகளைப் பைண்டிங் செய்வதை ஒருநாள் நின்று பார்த்தாள். மறுநாளும் போய் நின்றாள். கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுஷர், “சும்மா நிக்காத தாயி, இந்தப் பக்கத்த அடுக்கு” என்றார். அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கடையில்தான் வேலை. பக்க எண் மாறினால் அவள் கையைத் தாண்டாது. படத்தில் வெண்டியின் தாள்கள் வழியில் பறந்து தொலைகிற காட்சி வந்ததும், படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். “எக்கா, அவ ஏன் ஸ்பைரல் போடாம எடுத்துட்டுப் போனா?” என்று கேட்டாள். குரலில் அவ்வளவு வருத்தம்.

எங்கள் வீட்டு மார்க்கெட் ஸ்ட்ரீட், ஆத்துப் பாலம். பாளையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் போகும் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தனியாகத் தாண்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பஸ்ஸில் போக மூன்று வருஷமாகப் பழக்கினோம். கூடப் போனேன், பின் சீட்டில் இருந்தேன், ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். வண்ணார்பேட்டை வந்ததும் இறங்கிவிடுவாள். ஏர் ஹாரன் சத்தம் ஒரு காரணம். இன்னொன்று, அங்கே போய் அவளுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

போன வருஷம் கடைப் பையன் ஸ்பைரல் கம்பி வாங்க டவுனுக்குப் போய், 10 மில்லிமீட்டர் கேட்டால் 12 வாங்கி வந்தான். இரண்டாம் தடவையும் அப்படியே. “நானே போய் வாங்கிட்டு வாரேன்” என்றாள். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. நான் அவளுக்குப் பாலத்தின் கதையைச் சொல்லிக் கொடுத்தேன். முன்னே ஜனங்கள் படகில்தான் ஆற்றைக் கடந்தார்கள், சுலோச்சன முதலியார் கைக்காசைப் போட்டுப் பாலம் கட்டினார், 1843-இல் திறந்தார்கள். படத்தில் வெண்டி பதற்றம் வந்தால் “ப்ளீஸ் ஸ்டாண்ட் பை” என்று சொல்லிக்கொள்வாள். இவள் பாலம் வந்ததும் “1843, முதலியார், சொந்தக் காசு” என்று உதட்டுக்குள் சொல்வாள். மூன்றாம் தடவை சொல்லும்போது ஜங்ஷன் வந்துவிடும். டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பது பெரிய உதவி, சில்லறைத் தகராறு கிடையாது. ஆனால் டிக்கெட் கையில் இருந்தாக வேண்டும். கண்டக்டர் கிழித்துத் தரும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

ஒருநாள் ஏதோ ஊர்வலத்துக்காகப் பஸ்ஸை வேறு ரோட்டில் திருப்பிவிட்டார்கள். இறங்கிவிட்டாள், பேச்சு நின்றுவிட்டது. அவளிடம் ஒரு அட்டை உண்டு: “எனக்கு ஆட்டிசம். சத்தம் கூடினால் பேச வராது. இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.” அதைப் பூக்கார ஆச்சி ஒருத்தியிடம் நீட்டியிருக்கிறாள். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது, பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், தங்கச்சி சாக்கில் உட்கார்ந்து பிச்சிப்பூவை எண்ணி எண்ணி ஆச்சியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள், கட்டுவதற்கு. படத்தில் ஒரு போலீஸ்காரர் வெண்டியோடு ‘ஸ்டார் ட்ரெக்’கின் கிளிங்கான் மொழியில் பேசுவார். பார்க்கும்போது இது நடக்கிற கதையா என்று நினைத்தேன். அந்த ஆச்சியைப் பார்த்தபிறகு அப்படி நினைக்கவில்லை.

உங்கள் மகளுக்கு 17 என்பதால் ஒன்று அவசரமாகச் சொல்ல வேண்டும். 18 முடிந்தால் சட்டப்படி அவள் மேஜர். அதன்பிறகு பெற்றோர் தானாகக் காப்பாளர் (கார்டியன்) ஆகிவிட மாட்டார்கள். 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் உரிமைக்கு மனுப் போடலாம். எங்களுக்கு அது கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ். ஆனால் மனுப் போடுமுன், எதையெல்லாம் அவளே முடிவு செய்வாள் என்று அவளிடமே கேளுங்கள். நாங்கள் இதுவரை போடவில்லை. அவள் பேரில் பேங்க் கணக்கு இருக்கிறது, பாஸ்புக்கை அவளே பதிந்து வருகிறாள். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு குறைந்தது 40 சதவீத மாற்றுத்திறன் என்ற சான்று கேட்பார்கள், அதை இப்போதே வாங்கி வையுங்கள்.

படத்தில் என்னை அதிகம் சுட்டது வெண்டியின் அக்காதான். தன் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் தங்கையை வீட்டுக்குக் கூட்டிவரத் தயங்குவாள். என் மகன் பிறந்த முதல் ஐந்து மாதம் நானும் அவன் தொட்டில் பக்கம் இவளை விடவில்லை. படத்தின் கடைசியில் வெண்டி குழந்தையை ஏந்துவதைப் பார்த்துவிட்டு, என் தங்கச்சி “நான் தரையில உக்காந்துட்டே தூக்குதேன், கீழ விழாது” என்றாள். அதை அவள் எப்போதோ யோசித்து வைத்திருக்கிறாள், நான்தான் கேட்கவில்லை.

தனியாக வாழ முடியுமா என்றால், என் தங்கச்சி இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். கேஸ் அடுப்பு அவளுக்குப் பயம், இண்டக்ஷனில் சோறும் ரசமும் வைப்பாள். அப்பா அம்மாவுக்குப் பிறகு என்ன என்பதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. வருகிற ஐப்பசியில் தென்காசியில் ஒரு கல்யாணம், இரண்டு ராத்திரி நாங்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டோம். அவள் கல்யாணக் கூட்டத்துக்கு வரவில்லை, வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பால்காரர் வரும் நேரம், மோட்டார் போடும் நேரம் எல்லாம் அவளே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். அடுத்த வீட்டு மதினி ராத்திரி வந்து கதவைத் தட்டிப் பார்க்கட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, “தட்டாண்டாம், சத்தம். போன் பண்ணச் சொல்லு” என்றாள். மதினியிடம் அப்படியே சொல்லியிருக்கிறோம்.