வடசென்னைக் கடலோரத்தில் மூன்று நாள்

வெளியூரிலிருந்து குடும்பத்துடன் வரும் நீங்கள், வடசென்னைக் கடலோரத்தில் மூன்று நாள்களை எப்படிச் செலவிடலாம் என்று கேட்டுள்ளீர்கள். குளிப்பதற்கான கடற்கரையை எதிர்பார்க்க வேண்டாம். கரையரிப்பைத் தடுக்க இங்கே பல இடங்களில் பாறைகள் கொட்டப்பட்டுள்ளன.

முதல் நாள் விடியும் முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்றால், கூடைகூடையாக வஞ்சிரமும் சங்கராவும் ஏலம் போவதைக் காணலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது வருவதைத் தவிர்ப்பது நல்லது. அருகிலேயே 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. மாலையில் பாரிமுனைப் பக்கம் சென்று, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவை, புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தரும் தள்ளுவண்டியில், வாழைத்தண்டு சூப்புடன் உண்ணுங்கள்.

இரண்டாம் நாளுக்குத் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலும், கடலோரத்திலுள்ள பட்டினத்தார் சமாதியும் போதும்.

மூன்றாம் நாள் முழுவதையும் சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையிலுள்ள பழவேற்காட்டுக்கே ஒதுக்குங்கள். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளைக் குழந்தைகள் எளிதில் மறக்க மாட்டார்கள். குளிர்காலமானால் ஏரியில் பூநாரைகளையும் பார்க்கலாம்.