வாட்டம் பார்த்த பிறகு பட்டி வாங்குங்கள்

ஃப்ரேம் இல்லாத ஷவர் கண்ணாடிக் கதவு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கென்று சேர்த்து வைத்திருந்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எதை வைத்து அடைப்பது?" கண்ணாடி பொருத்துகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கதவு திறந்து மூட நாலு பக்கமும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை ஒழிக்க முடியாது. அதன் வழியே வரும் தண்ணீரைத் திருப்பி உள்ளே அனுப்பலாம். அதற்கு இரண்டு விஷயம்: வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு; பட்டி, அதாவது கண்ணாடி விளிம்பில் மாட்டுகிற வளையும் அடைப்பு.

கேள்வி: குளித்து முடித்தால் வெளியே கிடக்கும் கால்மிதி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. கதவின் அடியில் சிலிக்கான் அடித்துவிட்டால் போதும் என்கிறார் என் கணவர். அடிக்கலாமா?

வேண்டாம் அம்மா. சிலிக்கான் அசையாத இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்க வேண்டியது. கதவின் அடியில் அடித்தால் முதல் முறை திறக்கும்போதே பிய்ந்துவிடும். பிய்யவில்லை என்றால் கதவு திறக்காது.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பிடியுங்கள். தரையையும் கதவுக்கு அடியில் இருக்கும் வாசல் திண்டையும் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு குவளைத் தண்ணீரைத் திண்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே ஓடுகிறதா, வெளியே ஓடுகிறதா, போக்கிடம் தெரியாமல் அப்படியே நிற்கிறதா? உள்ளே ஓட வேண்டும். திண்டு 10 செ.மீ. அகலம் என்றால், வெளி ஓரத்தைவிட உள் ஓரம் 2 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். ரசமட்டம் வைத்தால் குமிழி வெளிப்பக்கம் ஒதுங்கி நிற்கும். என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் பட்டியைவிட வாட்டம்தான் அதிகமாகக் குற்றவாளி. டைல்ஸ் பதித்தவர் திண்டை நூல் பிடித்தாற்போல் மட்டமாக வைத்துவிட்டுப் போயிருப்பார். வேறு எங்கே மட்டம் அழகோ தெரியாது, இந்த ஓர் இடத்தில் அது பிழை.

வாட்டம் சரியாக இருந்தால் அடுத்த சோதனை. டிஷ்யூ காகிதத்தை நீளமாக மடித்து, கதவின் வெளிப்பக்கம் அடியோரமாக வரிசையாக வையுங்கள். ஒருவர் கைஷவரோடு உள்ளே நிற்க, ஒருவர் வெளியே காகிதத்தைப் பார்க்கட்டும். அசையாத கண்ணாடி தரையோடு சேரும் இடத்தில் தொடங்குங்கள். பிறகு கதவின் அடி, கீல் பக்கம், கடைசியாகக் கைப்பிடிப் பக்கம். எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். மேலேயிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும். ஓர் இடம் முடிந்ததும் சில நிமிடம் பொறுத்துத்தான் அடுத்த இடம். முதலில் நனைகிற காகிதத்துக்கு நேரே உங்கள் ஓட்டை இருக்கிறது.

வாட்டமே வெளிப்பக்கம் சரிந்திருந்தால், திண்டின் மேல்கல்லை எடுத்து மறுபடி பதிப்பதுதான் முழு வைத்தியம். அதற்கு இப்போது வழியில்லை என்பவர்கள், கதவுக்கு நேர் கீழே அரைவட்ட வடிவிலான அக்ரிலிக் அல்லது அலுமினியத் தடுப்புப் பட்டை ஒன்றைச் சிலிக்கான் வைத்து ஒட்டலாம். அதன் இரண்டு முனைகளையும் கவனியுங்கள். பட்டை சுவரைத் தொடுகிற மூலையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அங்கேதான் போய்ச் சேரும். தடுப்புக்கு உட்புறம் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், குளித்த பின் துடைத்துத் தள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி: கதவின் அடியில் புதுப் பட்டி வாங்கி மாட்டினேன். ஒன்று, அடிக்கடி கழன்று விழுகிறது. இரண்டு, மாட்டியிருக்கும்போதும் தண்ணீர் வருகிறது. பசை போட்டு ஒட்டிவிடட்டுமா?

பசை வேண்டாம். அந்தப் பட்டி கண்ணாடியின் விளிம்பைக் கவ்விப் பிடித்து நிற்கிற மாதிரி செய்யப்பட்டது. கழன்று விழுகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். கண்ணாடியின் தடிமனும் பட்டியின் வாயளவும் பொருந்தவில்லை என்பது ஒன்று. இந்தக் கதவுகள் பெரும்பாலும் 8, 10, 12 மி.மீ. தடிமனில் வரும். கண்ணளவில் 8-க்கும் 10-க்கும் வித்தியாசம் தெரியாது, காலிப்பர் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, கீழே தொங்குகிற மெல்லிய நாக்கு நீளம் அதிகம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது திண்டில் உரசி, பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும். கண்ணாடிக்கும் திண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளந்து பாருங்கள், மூன்றும் ஒன்றாக இருக்காது. நாக்கு திண்டைத் தொட்டும் தொடாமலும் லேசாக வளைந்து நிற்கிற அளவுக்குக் கூர்மையான கத்தியால் சீவிவிடுங்கள்.

தண்ணீர் வருவதற்குக் காரணம், பட்டியைத் திருப்பி மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேரே கீழே தொங்கும் நாக்கு தவிர, ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும் சின்ன உதடு ஒன்று இருக்கும். அந்தச் சரிவு குளிக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியின் உள்முகத்தில் வழிந்து வரும் தண்ணீர் அடிவிளிம்புக்கு வந்ததும் எல்லாம் நேராகச் சொட்டிவிடுவதில்லை. கொஞ்சம் விளிம்பை ஒட்டிக்கொண்டே அடிப்புறமாக ஊர்ந்து வெளிமுகத்துக்குப் போய், அங்கே சொட்டும். அந்த ஊர்தலை நடுவழியில் பிடித்து உள்ளே தள்ளிவிடுவதுதான் அந்த உதட்டின் வேலை. வெளிப்பக்கம் பார்த்து மாட்டினால் நீங்களே தண்ணீருக்கு வழி காட்டியதாக ஆகிவிடும்.

மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் பட்டியை வெந்நீரில் கொஞ்சம் போட்டு எடுத்தால் இளகும். ஒரு முனையில் தொடங்கி அழுத்திக்கொண்டே போங்கள். மிச்ச நீளத்தை மாட்டிப் பார்த்த பிறகு வெட்டுங்கள். சில காலம் கழித்துப் பட்டி மஞ்சளாகி விறைத்துப்போகும். அப்போது மாற்ற வேண்டியதுதான், கழுவிப் பயனில்லை.

கேள்வி: கதவும் பக்கத்துக் கண்ணாடியும் சேரும் இடத்துக்குக் காந்தப் பட்டி வாங்கினேன். இரண்டும் ஒட்டாமல் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பழுதான பொருளா?

பழுது இல்லை, ஒரே துருவங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டில் ஒன்றைக் கழற்றி மேல்முனை கீழே வரும்படி திருப்பி மாட்டுங்கள், பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு கண்ணாடியும் ஒரே நேர்கோட்டில் நிற்பதற்கு ஒரு வகைப் பட்டி, மூலையில் செங்கோணமாகச் சேர்வதற்கு வேறு வகை. மாற்றி வாங்கியிருந்தால் எப்படித் திருப்பினாலும் சேராது. உங்கள் கதவு இரண்டு பக்கமும் திறக்கிற வகை என்றால், ஒரு பக்கம் தடுத்து நிறுத்துகிற பட்டியைப் போட்டதும் அந்தப் பக்கம் திறக்காது. சிலருக்கு அது பிறகுதான் தெரிகிறது.

கேள்வி: சிலிக்கான் கறுத்துவிட்டது. மேலேயே புதிதாக ஒரு கோட் இழுத்துவிடலாமா? எது வாங்குவது?

பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது. பழையதை முழுதாகச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகு அடியுங்கள். புளிக்காடி மாதிரி வாடை அடிக்கிற வகை பளிங்குக்கல்லைக் கெடுக்கும், உலோகத்தை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையில், பூஞ்சை எதிர்ப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடித்த பிறகு 24 மணி நேரம் ஷவரைத் தொடாதீர்கள்.

அசையாத கண்ணாடி உலோகச் சேனலுக்குள், அதாவது நீளமான பள்ளம் உள்ள உலோகப் பட்டைக்குள் நிற்கிறதென்றால் தயாரிப்பாளரின் குறிப்பைப் படித்துவிட்டு அடியுங்கள். பல தயாரிப்புகளில் வெளிப்பக்கம் மட்டும்தான் அடிக்கச் சொல்வார்கள். உள்பக்கமும் அடைத்துவிட்டால், சேனலுக்குள் எப்படியோ புகுந்த தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே கிடந்து நாறும்.

கேள்வி: கீல் பக்கம் மேலே இடைவெளி குறைவு, கீழே விரல் நுழைகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்ய முடியுமா?

தேய்க்கவே கூடாது. இது டஃபன்ட் கிளாஸ். சூடாக்கி வேகமாகக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்தியது. வெட்டுவது, துளை போடுவது, விளிம்பு தேய்ப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இப்போது தேய்த்தால் மொத்தக் கண்ணாடியும் சின்னச் சின்னத் துண்டுகளாக நொறுங்கிவிடும். முன்பு இடைவெளி சரியாக இருந்து இப்போது மாறியிருந்தால் கீல் தளர்ந்திருக்கும். முதல் நாளிலிருந்தே இப்படி என்றால் சுவர் தூக்குக்கு இல்லை, அதாவது நேர் செங்குத்தாக இல்லை. இரண்டிலும் கீலைத் தளர்த்திக் கதவை நகர்த்திப் பொருத்துவதுதான் வழி. அதைத் தனியாகச் செய்யாதீர்கள். இருவர் கதவைத் தாங்க வேண்டும், அடியில் மரக்கட்டையோ ரப்பரோ வையுங்கள். டஃபன்ட் கிளாஸின் முகத்தில் பட்ட அடியைவிட, மூலையில் டைல்ஸ் பட்ட சின்ன அடி ஆபத்து. சுவர் கோணலால் மிச்சமிருக்கும் இடைவெளிக்கு, உப்பலான குழல் உள்ள பட்டி போடலாம், அகலமான இடத்திலும் அது அழுந்தி நிற்கும்.

கேள்வி: எல்லாப் பட்டியும் புதிது. வாட்டமும் சரி. இன்னும் கீல் பக்கம் தண்ணீர்.

ஷவர்த் தலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? கதவையோ கீலையோ நேராக அடித்தால் எந்தப் பட்டியும் தாங்காது. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக் குளித்துப் பாருங்கள்.

கேள்வி: கதவுக்கு மேலே திறந்திருக்கும் இடத்தையும் பட்டி போட்டு மூடிவிடலாமா?

மூடினால் ஆவி போக வழியில்லாமல் மேலே பூஞ்சை பிடிக்கும், அடுத்த இதழில் அதற்கும் ஒரு கேள்வி எழுதுவீர்கள். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் தெறிக்கிறது என்றால் முந்தைய பதிலைப் படியுங்கள்.