கட்சிகளுக்கு யார் மார்க் போடுவது?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களை வருஷா வருஷம் இலக்கு வைத்து அளக்கிறோம். அரசியல் கட்சிகளை ஏன் அப்படி அளக்கக் கூடாது?

பதில்: தாராளமாக அளக்கலாம், அளக்கவும் வேண்டும். ஆனால் எல்லோரும் முதலில் எடுப்பது சந்தைப் பங்கு, அதாவது ஓட்டு சதவீதமும் சீட்டும். 2015 பிரிட்டன் பொதுத்தேர்தலில் யுகிப் (ஐக்கிய ராஜ்ஜிய சுதந்திரக் கட்சி) 12.6 சதவீத ஓட்டு வாங்கியும் கிடைத்தது ஒரே ஒரு சீட். ஸ்காட்லாந்தில் மட்டும் போட்டியிட்ட ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியான எஸ்.என்.பி.க்கு நாடு முழுக்கக் கணக்கிட்டால் 4.7 சதவீதம்தான், சீட்டோ 56. ஓட்டு எங்கே குவிந்தது என்பதைத் தாண்டி இந்தச் சீட் கணக்கு கட்சியின் வேலையைப் பற்றி என்ன சொல்கிறது?

நிர்வாகவியல் நிபுணர்கள் ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும் 1992ல் முன்வைத்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு, அதாவது நிறுவனத்தைப் பல பக்கமும் பார்த்து அளக்கும் மதிப்பெண் அட்டைதான் கட்சிகளுக்கு நன்றாகப் பொருந்தும் என்பேன். லாபக் கணக்கு முடிந்துபோனதைத்தான் காட்டும், அதனால் வாடிக்கையாளர், உள்ளே வேலை நடக்கும் விதம், கற்றலும் வளர்ச்சியும் என்று இன்னும் மூன்று பக்கம் பாருங்கள் என்றார்கள். கட்சிக்கு ஓட்டும் முடிந்துபோன கணக்குதான். கிளைக் கூட்டம் நடக்கிறதா, உட்கட்சித் தேர்தல் ஒழுங்காக நடந்ததா, தலைவருக்கு அடுத்து நாலு பேர் தயாராக இருக்கிறார்களா, நன்கொடைக் கணக்கு வெளியே வந்ததா, சபையில் மசோதாவைப் படித்துவிட்டுப் பேசுகிறார்களா, இதெல்லாம் சரிய ஆரம்பித்த கட்சி ஒரு தேர்தலில் ஜெயித்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்குப் பணத்தை மேலே வைக்காதீர்கள், நோக்கத்தை வையுங்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். கட்சிகளுக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். அப்புறம், ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே அட்டை வேண்டாம். பட்ஜெட் கையில் இல்லாதவர்களைத் திட்டங்களை வைத்து அளக்க முடியாது. கேட்ட கேள்விகள், கொண்டுவந்த திருத்தங்கள், வெளிக்கொண்டுவந்த தவறுகளை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை வாக்குறுதி நிறைவேறியது என்று எண்ணினால் போதாதா?

பதில்: போதாது. ஓர் எண்ணைப் பிடித்து ஆட்களைக் கட்டுப்படுத்த ஆரம்பித்தால் அந்த எண்ணின் மேல் இருந்த நம்பகமே போய்விடும் என்பது பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975ல் சொன்னதன் சாரம். எண்ணிக்கைதான் மார்க் என்று தெரிந்தால், சுலபமான சின்னச் சின்ன வாக்குறுதியாக நூறு எழுதி வைப்பார்கள். அதனால் ஒவ்வொன்றும் எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்று எடை போட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு முக்கியம். லாபம் தராத வாடிக்கையாளரை ஒரு நிறுவனம் விட்டுவிடலாம், ஆட்சிக்கு வந்த கட்சி தனக்கு ஓட்டுப் போடாதவரை விட முடியாது. நீங்கள் அட்டை தயாரித்தால், அந்தக் கட்சி தோற்ற தொகுதிகளுக்குச் சாலை, தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பணம் போனது, ஜெயித்த தொகுதிகளுக்கு எவ்வளவு போனது என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். தொகுதிவாரியாகச் செலவு விவரம் கிடைக்கும் இடத்தில் இது கஷ்டமான கணக்கு இல்லை.