அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட நினைக்கும் தம்பிக்கு

தம்பி,

நீங்கள் கேட்டவை நான்கு. 71 வயதான அம்மா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் தனியே இருக்கிறார். அவரை எந்த வழியில் கூப்பிடுவது? லண்டனில் இருக்கும் அண்ணா "நீ கூப்பிடு, நான் காசு அனுப்புகிறேன்" என்கிறார். அதை நம்பி இறங்கலாமா? மனைவிக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது. ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் எல்லோரும் சமாளிக்க முடியுமா? வேலையிடத்தில் ஒருவர், "கடைசியில் எல்லோரும் ஹோமில்தான் (முதியோர் இல்லத்தில்) கொண்டுபோய் விடுகிறார்கள்" என்றாராம், அது உண்மையா?

இத்தனையும் கேட்ட நீங்கள், அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவரிடம் "வருகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். மகன் அப்படிக் கேட்டால் எந்தத் தாயும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். "வந்தால் அங்கே எதை விட்டுவிட்டு வருவது கஷ்டம்?" என்று கேளுங்கள். கோயில் திருவிழா, பக்கத்து வீட்டுக்காரி, நினைத்த நேரத்தில் தேநீர் வைக்கும் சொந்த அடுப்பு என்று பதில் வரும். அதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. இங்கே பெற்றோரும் பிள்ளைகளும் முகம் கொடுத்துப் பேசாமல் போன வீடுகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் பாசத்துக்குக் குறைவில்லை. கைச்செலவுக் காசு, கோயிலுக்குப் போக வாகனம், வைத்தியரிடம் பேச ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. கேட்பவருக்குக் கூச்சம், கொடுப்பவருக்குக் களைப்பு. இரண்டும் சேர்ந்தால் சண்டைக்கு வேறு காரணம் தேவையில்லை.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். பெற்றோரை நிரந்தரமாக ஸ்பொன்சர் செய்யும் திட்டத்தில் 2020 இல் விருப்பம் பதிந்தவர்களுக்குத்தான் 2025 வரைக்கும் அழைப்பு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்தவர் நீங்கள். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே அம்மாவின் நல்ல வயதைக் கழித்துவிடாதீர்கள். நாளைக்கே திறந்தாலும் மூன்று வருட வருமானம் காட்ட வேண்டும். கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் 20 வருடங்களுக்கு அம்மாவின் செலவுக்கு நீங்களே பொறுப்பு என்று கையெழுத்தும் வைக்க வேண்டும். இடையில் வேலை போனாலும், அம்மாவோடு மனஸ்தாபம் வந்தாலும் அந்தக் கையெழுத்து நிற்கும்.

உங்களுக்குச் சரியானது சூப்பர் விசா, அதாவது பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கிப் போகும் விசா. 2011 கடைசியில் தொடங்கியபோது ஒரு தடவை வந்தால் இரண்டு வருடம் தங்கலாம் என்றிருந்தது. 2022 ஜூலையிலிருந்து ஐந்து வருடம் தங்கலாம். பத்து வருடம் வரை போய்வரலாம். வீட்டில் எத்தனை பேர் என்பதை வைத்து உங்கள் வருமானத்தைப் பார்ப்பார்கள். மனைவியின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். பிறக்கும் பிள்ளையையும் அம்மாவையும் சேர்த்தால் நீங்கள் நான்கு பேர் என்பதை மறக்க வேண்டாம். அம்மா மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். குறைந்தது ஒரு வருடத்துக்கு, ஒரு இலட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். இங்கேதான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். கட்டணம் குறைந்த காப்புறுதியைப் பார்த்ததும் எடுத்துவிட்டு, பழைய நோய்களைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை. அம்மாவுக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், கடைசியாக எப்போது மருந்து மாற்றினார்கள் என்ற திகதிவரை கேட்டு எழுதி, அது காப்புறுதியில் அடங்குமா என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சூப்பர் விசாவில் வருபவருக்கு நம் மாகாணமான ஒன்ராறியோவின் சுகாதார அட்டை, அதாவது அரசு செலவில் வைத்தியம் பார்க்கும் அட்டை, கிடைக்காது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தால் வரும் பில் உங்கள் குடும்பத்தையே ஆட்டிவிடும்.

சூப்பர் விசாவின் பெரிய நன்மையைப் பலர் கவனிப்பதில்லை: அது திரும்பிப் போகும் பாதையை மூடவில்லை. வெயில் காலம் இங்கே, குளிர் காலம் அங்கே என்று அம்மா வாழலாம். அதற்கு அங்கே வீடு இருக்க வேண்டும். கரவெட்டி வீடு அம்மாவின் சீதன வீடாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின்படி அது அவருடைய சொத்து. "அம்மா இங்கே வந்துவிட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது, விற்றால் என்ன?" என்று உங்கள் அண்ணா ஒருநாள் கேட்பார். நீங்களும் இங்கே வீடு வாங்க முதற்பணம் தேடும்போது அதையே நினைப்பீர்கள். அம்மாவாகச் சொல்லாமல் விற்காதீர்கள். அந்த வீடு இருக்கும்வரை அவர் உங்கள் வீட்டில் விருப்பத்தோடு தங்கியிருப்பவர். விற்ற மறுநாளிலிருந்து போக இடமில்லாதவர். அதற்குப் பிறகு மருமகள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தைகூட அவர் காதில் வேறு மாதிரி விழும். பென்சன் ஏதும் வந்தால் அதையும் ஊர்க் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். வருடாவருடம் உயிர்வாழ்ச் சான்றிதழ் அனுப்புவதை மட்டும் உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாவின் வாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் தூரத்தில் இருக்கும் பிள்ளை அனுப்புவது காசு, பக்கத்தில் இருக்கும் பிள்ளை கொடுப்பது இரவுத் தூக்கம். இவை இரண்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. அம்மா கிளம்புமுன்பே மூன்று பேரும் தொலைபேசியில் இருந்து பேசுங்கள்: காப்புறுதிக் கட்டணம் யாருடையது, டிக்கெட் யாருடையது, வருடத்தில் எந்த மாதம் அண்ணா லீவு எடுத்து வந்து அம்மாவோடு நிற்பார். கடைசியாகச் சொன்னதை விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மாவின் கைச்செலவுக்கு மாதம் ஒரு சிறு தொகையை அண்ணா நேரே அம்மாவிடம் கொடுக்கட்டும், உங்கள் மூலமாக வேண்டாம். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சட்டை வாங்க உங்களிடமே காசு கேட்டு வாங்கும் நிலை அம்மாவுக்கு வரக்கூடாது.

இனி உங்கள் மனைவி. நீண்ட கடிதத்தில் அவர் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், அதுவும் பிள்ளை பிறக்கப் போகிறது என்பதற்காக. அம்மாவுக்குக் குளிக்க உதவி வேண்டுமென்றால், சாப்பாட்டில் உப்புக் குறைய வேண்டுமென்றால், பகலில் அம்மா அழுதால், அதைப் பார்க்கப் போவது நீங்களா அவரா? பெரும்பாலான வீடுகளில் மகன் கூப்பிடுகிறான், மருமகள் பார்க்கிறாள், ஊர் மகனைப் புகழ்கிறது. நான் மருமகளாக இருந்து சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த ஏற்பாடு அல்ல.

பிள்ளை பார்ப்பதற்காகத்தான் அம்மாவைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிடுங்கள், அதை வேலை என்று மதியுங்கள். 71 வயதில் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை கைப்பிள்ளையைத் தூக்கித் திரிவது முழங்காலுக்குத் தெரியும். இரண்டு ஷிப்டுக்கு நடுவே அம்மாவை வைத்துத்தான் குடும்பம் ஓடும் என்றால், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் உங்களுக்குக் கோபம் வரும். கூட்டாட்சி அரசின் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் 2025 முதல் நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க முடியாது. காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆகவே பிள்ளை பிறக்குமுன்பே பெயரைக் கொடுங்கள். பாதி நாட்கள் அங்கே, பாதி நாட்கள் அப்பம்மாவிடம் என்றால் எல்லோருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இரண்டு அறை போதுமா என்றால், ஒரு கதவு அம்மாவுக்கு இருந்தால் போதும். வரவேற்பறையில் சோபாக் கட்டில் போட்டுப் படுக்க வைப்பதானால் இப்போது கூப்பிடாதீர்கள். வீட்டுச் சாவி அவர் கையில் இருக்கட்டும். வந்த முதல் மாதத்திலேயே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று அவரையே செய்ய வையுங்கள். முதியோருக்குக் கட்டணமும் குறைவு. ஸ்கார்பரோவில் நூலகக் கிளைகளில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. மார்கழியில் வெளியே நடக்க முடியாதபோது காலையில் கடைத்தொகுதிகளுக்குள் நம் முதியவர்கள் கூட்டமாக நடக்கிறார்கள், தமிழ் முதியோர் சங்கங்களும் கூடுகின்றன. 211 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் பகுதியில் எங்கே என்ன இருக்கிறது என்று தமிழிலேயே கேட்கலாம். அம்மாவின் சிநேகிதி ஒருத்தி உங்களுக்குத் தெரியாதவராக இருந்தால் அது நல்ல அறிகுறி.

வைத்தியரிடம் போகும்போது நீங்களே மொழிபெயர்ப்பாளராக உட்காராமல் இருக்கப் பாருங்கள். மகன் பக்கத்தில் இருந்தால் எழுபது வயதுப் பெண் சிறுநீர் அடக்க முடியவில்லை என்று சொல்லமாட்டார். வயிறு சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார். நீங்களும் வைத்தியர் சொன்னதில் பயமானதை விட்டுவிட்டு மீதியைச் சொல்வீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள், கேட்டால்தான் தருவார்கள்.

அற்றோணித் தத்துவம், அதாவது நமக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் என்றால், ஊரில் காணி விற்பதற்கு என்றுதான் நமக்குத் தெரியும். ஒன்ராறியோவில் உடம்புக்கும் ஒன்று உண்டு: அம்மா பேச முடியாத நிலைக்கு வந்தால் சிகிச்சையைப் பற்றி யார் முடிவெடுப்பது என்று அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைப்பது. மாகாண அரசின் படிவம் இலவசம். இரண்டு சாட்சிகள் வேண்டும். பிள்ளைகள் சாட்சியாக இருக்க முடியாது. எழுதாவிட்டால் நீங்களும் அண்ணாவும் சட்டத்தின் முன் சமம். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் அரசின் பொதுப் பாதுகாவலர் முடிவெடுப்பார். லண்டனிலிருந்து ஒருவர் "இன்னும் செய்யுங்கள்" என்பதும், கட்டிலருகே நிற்பவர் "போதும்" என்பதும் நான் கண்ணால் கண்ட சண்டைகள்.

கடைசிக் கேள்வி, ஹோம். எல்லோரும் விடுவதில்லை, விடுகிறவர்கள் எல்லோரும் கைவிட்டவர்களும் இல்லை. சூப்பர் விசாவில் இருப்பவருக்கு அந்தப் பேச்சே இல்லை, சுகாதார அட்டை உள்ளவர்களுக்குத்தான் அரசு உதவி பெறும் இல்லங்களில் இடம். என் மாமி, என் கணவரின் அம்மா, இப்போது மார்க்கம் நகரில் ஓர் இல்லத்தில் இருக்கிறார். மறதி நோய். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர், இன்று தமிழ் மட்டும்தான் மிச்சம். இரவில் எழுந்து, ஊருக்குப் போகிறேன் என்று பனியில் கதவைத் திறந்து இறங்கத் தொடங்கிய பிறகுதான் விண்ணப்பித்தோம். அதுவரைக்கும் வீட்டுக்கு வந்து உதவும் பணியாளர்கள் வாரத்தில் சில மணி நேரம் வந்தார்கள். இந்த வேலையில் தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள், தமிழ் பேசுபவர் வேண்டும் என்று நாங்கள் கேட்டு வாங்கினோம். விரும்பும் இல்லங்கள் ஐந்து வரை எழுதிக் கொடுக்கலாம், ஆனால் வரிசை நீளம். ஆஸ்பத்திரியில் கிடந்தபடி இடம் தேடும் நிலை வந்தால் நிலைமை மோசம்: 2022 இல் வந்த சட்டத்தின்படி தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீட்டர் தூரத்துக்குள் உள்ள, நீங்கள் கேட்காத ஓர் இல்லத்தையும் ஒதுக்கலாம், மறுத்து அங்கேயே இருந்தால் நாளுக்கு 400 டொலர்.

இல்லத்தில் மாமிக்கு மதியம் கொடுப்பது அவித்த காய்கறி. சனிக்கிழமைகளில் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோய் ஊட்டுகிறோம். சீனர்கள் 1994 இலேயே ஸ்கார்பரோவில் யீ ஹொங் இல்லத்தைத் திறந்து தங்கள் மொழியும் சாப்பாடும் கிடைக்க வழி செய்துவிட்டார்கள். நாம் கோயில் கட்டிய வேகத்துக்கு இதைக் கட்டவில்லை என்பது என் மனக்குறை. ஊர்ச் சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்லிக் கெட்ட பெயரும் வாங்கியாயிற்று. ஒன்று மட்டும் உண்மை: குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் வேறு கைக்குப் போன பிறகு மாமியும் நானும் சண்டை பிடிப்பதில்லை. பக்கத்தில் இருந்து தலை வாரி விடுகிறேன். ஊரில் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள் என்றால், சொல்பவர்கள் ஒருவரும் இரவு இரண்டு மணிக்கு வந்து கதவைப் பிடித்ததில்லை.

அம்மா வருவதென்று முடிவானால் வைகாசியில் கூப்பிடுங்கள். கார்த்திகையில் இறக்கினால் பனியும் இருட்டும்தான் கனடா என்று நினைத்துவிடுவார். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள், நடக்கக்கூடியவராக இருந்தாலும். விமானம் மாறும் இடத்தில் அவரை ஆள் கூட்டிக்கொண்டு போய் அடுத்த வாசலில் விடுவார்கள். மருந்துகளைக் கைப்பையில் வைத்து, அவற்றின் பெயர்களை வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.