விடுமுறையில் பிள்ளைகளை எந்த வகுப்பிலும் சேர்க்காமல் சும்மா விட்டால் நேரம் வீணாகிவிடாதா?

வீணாகாது. வாரம் முழுக்க வகுப்பு வகுப்பாகப் பிள்ளையை ஓடவைத்த அம்மா நான், பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு எட்டு வயதானபோது கீபோர்டு, ஓவியம், நீச்சல், செஸ் என்று ஆறு நாளும் ஏதாவது ஒன்று இருக்கும். ஒருநாள் ஓவிய ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை, வகுப்பு இல்லை என்று தகவல் வந்தது. பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, "அப்போ இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். வீட்டில் பொம்மை இருந்தது, புத்தகம் இருந்தது, ஐந்து வயதுத் தம்பி இருந்தான். ஆனாலும் கையில் கிடைத்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீச்சலை விடவில்லை, அது உயிர் காக்கும். கீபோர்டு அவளே கேட்டுச் சேர்ந்தது, அதுவும் இருக்கட்டும் என்று விட்டோம். மற்ற மாலைகளைக் காலி செய்தோம்.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "போர் அடிக்குதும்மா" என்று வந்து நிற்பாள். நம்மில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான். ஃபோனைக் கொடுத்துவிடுவோம், இல்லையென்றால் நாமே ஒரு விளையாட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். நான், "சரி, கொஞ்ச நேரம் அடிக்கட்டும். நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிப்பேன். அந்த நேரத்தில் டிவி, ஃபோன் எதுவும் கிடையாது. என் ஃபோனும் அலமாரிக்குள் போய்விடும். நாம் திரையைத் தேய்த்துக்கொண்டே பிள்ளைக்கு மட்டும் கூடாது என்றால் எடுபடாது.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, இரண்டு நாற்காலி, ஒரு பழைய போர்வை, நாலு துணி கிளிப் எடுத்துக்கொண்டு தம்பியோடு கூடாரம் கட்ட ஆரம்பித்தாள். போர்வை கனம். கிளிப் நழுவி நழுவி விழுந்தது. எழுந்து போய்க் கட்டிக்கொடுக்க எனக்குக் கை பரபரத்தது, போகவில்லை. நாலைந்து முறை விழுந்த பிறகு கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, போர்வையின் ஓரத்தை நாற்காலியில் போட்டு அதன்மேல் தடித்தடியான புத்தகங்களை அடுக்கினாள். நின்றுவிட்டது. அப்புறம், உள்ளே வர ரகசிய வார்த்தை சொல்லவேண்டும் என்றாள். தம்பி சரியாகச் சொன்னதும் வார்த்தையை மாற்றினாள். இன்னொரு முறையும் மாற்றினாள். "இது அழுகுணி ஆட்டம், நான் வரல" என்று அவன் எழுந்து போய்விட்டான். கூடாரத்துக்குள் தனியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, "சரி, இந்தத் தடவை நீ வார்த்தை வை" என்றாள்.

நான் தலையிட்டிருந்தால் "தம்பிக்கு விட்டுக்கொடு" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அவளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எனக்காக விட்டுக்கொடுத்திருப்பாள். ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை என்பது அவளுக்கே உறைத்திருக்காது.

உளவியலாளர் பியாஜே, 1932இல் வெளிவந்த தன் ஆய்வுக்காகக் கோலி ஆடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட்டத்தின் விதிகளைக் கேட்டார். சின்னஞ்சிறுசுகள் விதி பெரியவர்கள் தந்தது, மாற்றவே கூடாது என்றார்கள். வளர்ந்த பிள்ளைகளோ எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். சம வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி, முட்டி மோதித்தான் இந்தப் பக்குவம் வருகிறது என்பது அவர் கருத்து. பயிற்சியாளர் கையில் விசில் இருக்கும் மைதானத்தில் ஓட்டமும் உதையும் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அணி பிரிப்பது, அவுட்டா இல்லையா என்று தீர்ப்பது எல்லாம் அவர் வேலையாகிவிடுகிறது. பிள்ளைகளே ஆடும்போது, பொடியனை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்து அவனுக்கு மட்டும் இரண்டு வாய்ப்பு என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். அதை எந்த வகுப்பில் சொல்லித்தருவார்கள்?

2014இல் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வும் என்னை யோசிக்கவைத்தது. 6, 7 வயதுப் பிள்ளைகள் 70 பேரின் அன்றாட நேரம் எப்படிப் போகிறது என்று பெற்றோரிடம் கேட்டறிந்தார்கள். பிள்ளைகளுக்குத் தந்த சோதனை எளிமையானது: விலங்குகள் என்றால் விலங்குகள், தெரிந்த பெயரையெல்லாம் சொல்லவேண்டும். காட்டு விலங்கு தீர்ந்ததும் வீட்டு விலங்குக்குத் தாவ யாரும் எடுத்துக்கொடுக்க மாட்டார்கள், தானாகத் தோன்றவேண்டும். பெரியவர்கள் வகுத்துத்தராத நேரம் அதிகம் கிடைத்த பிள்ளைகள் இதில் மேலாகச் செய்தார்கள். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் கண்டது, ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. என் மகள் வாசலில் நின்று கேட்ட கேள்விதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"காசு கட்டி நாலு விஷயம் கற்றுக்கொடுக்காமல் விளையாட விட்டுவிட்டாயே" என்று உறவுக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். விளையாட்டும் ஓய்வும் பிள்ளையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31ஆவது பிரிவே இருக்கிறது. அதற்கு 2013இல் தந்த விளக்கத்தில், ஓய்வு நேரம் என்பது வெளியிலிருந்து யாரும் நடத்தாத, பிள்ளை தன் விருப்பப்படி செலவிடும் நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஓவிய வகுப்பு ஓய்வில் சேராது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், நேரத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் சலிப்புக்கே போய்விடும், இரண்டு மணி நேரமாவது வேண்டும். அட்டைப்பெட்டி, கயிறு, பழைய துணி போன்றவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எதுவரை போகலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுப்பு, திறந்த தண்ணீர், வண்டி போகும் சாலை இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மரத்தில் ஏறி முழங்கால் சிராய்த்தால் பயப்படாதீர்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் வாரத்துக்கு ஒரு மாலை போதும், அதிலிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்று: அவர்கள் கட்டியதை ராத்திரியே எடுத்துவைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் போர்வைக் கூடாரம் நாலு நாள் கூடத்தின் நடுவிலேயே இருந்தது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் அதற்குள் போய்விடுவார்கள்.