மாமியின் தேங்காய்க் கணக்கு

கேள்வி: நான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு வருடமாகக் கதை எழுதி வருகிறேன். ஆறு எழுதியதில் ஒன்றுதான் அச்சில் வந்தது. அதில் வருகிற மாமி, என் சொந்த மாமியைப் பார்த்து எழுதியது. பெயரை மாற்றியிருந்தேன். ஆனாலும் சொந்தக்காரர் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள், மாமி உட்பட. மூன்று மாதமாக அவர் என்னோடு கதைப்பதில்லை. “நான் தேங்காய் எண்ணினத எழுதின பிள்ளை, ஏன் எண்ணினன் எண்டு கேட்டாளா?” என்று அம்மாவிடம் சொன்னாராம். மற்றக் கதைகளை வாசித்த தோழி, பாத்திரங்கள் எல்லாம் ஒரே ஆள் மாதிரிக் கதைக்கின்றன என்கிறாள். தெரிந்தவர்களை எழுதக்கூடாதா? எழுதாவிட்டால் உயிருள்ள ஆட்களை எங்கிருந்து எடுப்பது? எழுதத் தொடங்க முன்னரே பாத்திரத்தின் பிறந்த திகதியிலிருந்து எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும் என்கிறார்களே, அது சரியா? கதையைத் திருத்தினால் மாமியிடம் காட்டலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்பின் தங்கைக்கு,

கடிதத்தோடு அச்சில் வந்த கதையையும் மற்றக் கதைகளையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. மாமி கதையை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் கதையில் இருக்கிற மாமியைவிடக் கடிதத்தில் இருக்கிற மாமிதான் நல்ல பாத்திரம்.

கதையில் மாமி இப்படி வருகிறார்: “மாமி சரியான கஞ்சம். விறாந்தை மூலையில் குவித்த தேங்காயை ஒவ்வொரு நாளும் விடிய எண்ணுவாள். யாருக்கும் ஒன்றும் கொடுக்கமாட்டாள்.” அதற்குப் பிறகு நான்கு பக்கம். நான்கிலும் மாமி கஞ்சத்தனம்தான் செய்கிறார். முதல் வரியிலேயே தீர்ப்பை எழுதிவிட்டீர்கள், மிச்சப் பக்கமெல்லாம் அதற்குச் சாட்சி தேடுகிறது. கடிதத்தில் வருகிற மாமியோ ஒரே ஒரு வசனம்தான் பேசுகிறார். ‘ஏன் எண்ணினன் எண்டு கேட்டாளா?’ அவ்வளவுதான், ஆள் எழும்பி நின்றுவிட்டார். இப்போது எனக்கே கேட்க வேண்டும் போல இருக்கிறது: ஏன் எண்ணினார்?

மாமி கோபத்தில் சொன்னது உங்கள் கதைக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம். தன்னை எழுதியதற்காக அவர் கோபித்ததாக எனக்குத் தெரியவில்லை. தன்னில் கால்வாசியை மட்டும் எழுதியதுதான் அவருக்குச் சுட்டிருக்கிறது.

அந்த ஏனுக்குப் பதில் உங்கள் கதையிலேயே கிடக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில், மாமிக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின் வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு இருக்கிறார் என்று ஒரு வரி. எங்கள் பக்கத்தில் இது புதினமா? பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும், தாயும் தகப்பனும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது மகளுக்கு இன்னும் வீடு இல்லை. அப்படியென்றால் மாமி எண்ணுவது தேங்காயை இல்லை, கல்லும் சீமெந்தும். கஞ்சத்தனம் என்பது நீங்கள் வெளியில் நின்று வைத்த பெயர். உள்ளே இருப்பது ஓர் ஆசையும் ஒரு பயமும். பாத்திரம் என்று நாம் சொல்வது அங்கேதான் தொடங்கும்: இந்த ஆளுக்கு என்ன வேண்டும், அதற்குக் குறுக்கே நிற்பது எது?

சரி, ஆசை தெரிந்துவிட்டது. அதை எழுதினால் போதுமா? போதாது. “மாமி கஞ்சம்” என்பதற்குப் பதிலாக “மாமி பாவம்” என்று எழுதிவைப்பீர்கள், அதுவும் தீர்ப்புத்தான். ஆளை ஒரு இக்கட்டில் விட வேண்டும். ஒரு நாள் விடிய நாற்பத்திமூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு இருக்கட்டும். யார் எடுத்தது என்று மாமிக்குத் தெரியட்டும். எடுத்தது மூத்த மகளுடைய புருசனாக இருக்கட்டும். மாமி வேலியடியில் நின்று ஊர் கேட்கக் கத்தினால் அவர் ஒரு மாமி. ஒன்றும் பேசாமல் அடுத்த நாளிலிருந்து தேங்காயை அறைக்குள் வைத்துப் பூட்டினால் இன்னொரு மாமி. இளைய மகள் “எத்தின அம்மா?” என்று கேட்க, வாய் கூசாமல் “நாப்பத்திமூண்டு” என்றால் அது மூன்றாவது மாமி, எனக்கு மிகவும் பிடித்தவர். எது உங்கள் மாமி என்று எனக்குத் தெரியாது. எழுதத் தொடங்கும்போது உங்களுக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பிறந்த திகதி விசயத்துக்கு வருகிறேன். இளம் வயதில் நானும் அதைச் செய்து பார்த்தேன். குருமண்வெளித் துறையில் பாதை விடுகிற ஒருவரை வைத்துக் கதை எழுத ஆசை. (வெளியூர் வாசகர்களுக்கு: நாங்கள் பாதை என்று சொல்வது வாவியைக் கடக்கிற படகை. அதில் மோட்டார் சைக்கிளும் ஏறும், மண்டூர்த் திருவிழாவுக்குப் போகிற சனமும் ஏறும்.) ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கி அவருடைய ஊர், தாய்வழிக் குடி, எத்தனையாம் வகுப்போடு படிப்பை விட்டார், எந்தக் கறி பிடிக்கும் என்று எல்லாம் நிரப்பினேன். கொப்பி முடிந்தது, கதை வரவில்லை. பிறகு ஒரு நாள் பாதையில் போகும்போது பக்கத்தில் நின்ற ஒருவர் மெல்லச் சொன்னார், அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாதாம். அத்தனை வருடம் தண்ணீருக்கு மேல்! “நடுவுக்கு வாங்க, நடுவுக்கு வாங்க” என்று எல்லாரையும் ஏன் அப்படி ஏசுகிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. என் கொப்பியில் இல்லாமல் போனது அந்த ஒன்றுதான். அதனால் குறிப்பு எழுதுவது பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிடித்த கறியைவிட, அந்த ஆள் எதை மறைக்கிறார் என்ற ஒரு குறிப்பு அதிகம் வேலை செய்யும்.

எல்லாரையும் இப்படித் தோண்டவும் வேண்டாம். ஆங்கில நாவலாசிரியர் ஃபோஸ்டர் 1927இல் பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். வாசகர் நம்பும்படி திகைக்கவைக்க முடிந்தால் அது உருண்டை, இது அவர் வைத்த சோதனை. தட்டையும் கதைக்கு வேண்டும் என்பதையும் அவரே சொன்னார், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் கதையில் வருகிற தபால்காரருக்கு எதற்கு ஒரு பத்தி நீளத்துக்குத் தொய்வு நோயும் விதவை அக்காவும்? கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் போகட்டும்.

உங்கள் தோழி சொன்ன குறை உண்மை, அதைத் திருத்துவதும் இலகு. கூத்துப் பார்த்திருப்பீர்கள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகையில் எதுவானாலும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் களரிக்குள் வருகிற வரவு உண்டு, அதற்கென்று தாளக்கட்டு உண்டு. நான் சின்ன வயதில் அரைத் தூக்கத்தில் பாயில் கிடந்தபடியே, மத்தளத்தைக் கேட்டு, களரிக்கு வருவது ராசாவா கட்டியகாரனா என்று சொல்லிவிடுவேன். முகம் பார்க்கத் தேவையில்லை. உரையாடலும் அப்படி இருக்க வேண்டும். ‘என்றாள்’, ‘என்றான்’ எல்லாவற்றையும் விரலால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரிகிறதா?

உங்கள் கதையில் கலியாண வீட்டுக்குக் கூப்பிடுகிற இடத்தில் மூன்று பேரும் “எங்களால் வர முடியாது” என்கிறார்கள். நம் ஊரில் யார் அப்படிச் சொல்வார்கள்? மாமி சொல்வார்: “நாளைக்கு வெள்ளிக்கிழமையல்லோ.” இளையவள் சொல்வாள்: “அம்மாட்ட கேட்டுத்தான் சொல்லணும்.” பெண் வீட்டில் வந்து இருக்கிற மருமகன், தன் வீட்டில் என்றால் சத்தமாகப் பேசுகிறவனாகவும் இருக்கலாம், இங்கே “பாப்பம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போவான். மூன்றும் மறுப்புத்தான், ஒருவர் வாயிலும் ‘மாட்டேன்’ வரவில்லை. ஆள் யார் என்பதோடு, யாருடைய வீட்டில் நின்று பேசுகிறார் என்பதும் பேச்சை மாற்றும்.

வசனத்துக்கு வசனம் ‘மறுகா’, ‘கா’ என்ற நம் ஊர்ச் சொற்களைப் போட்டால் மட்டக்களப்பு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், உங்கள் இரண்டாவது கதையில் அது கொஞ்சம் கூடிவிட்டது. படுவான்கரைக் கமக்காரரும் காத்தான்குடி வியாபாரியும் கல்முனைக் கந்தோர்க் கிளார்க்கும் ஒரே ‘மறுகா’வைச் சொன்னால் மறுபடியும் எல்லாரும் ஒரே ஆள்தான்.

தெரிந்தவர்களை எழுதலாமா? எழுதாதவர் யார்? ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1872 தொடக்கத்தில், அயலில் ரயிலுக்கு முன் பாய்ந்து உயிர்விட்ட ஒரு பெண்ணின் உடலைப் பார்த்தார். அவருடைய நாவலின் நாயகி அன்னா கரீனினாவின் முடிவு அங்கிருந்து வந்தது. அவளுடைய கழுத்தோரச் சுருள்முடியோ கவிஞர் புஷ்கினின் மகளிடமிருந்து வந்தது என்பார்கள். முடிவு ஒருத்தியுடையது, முடி இன்னொருத்தியுடையது, மனம் டால்ஸ்டாயுடையதே. இப்படிக் கலந்துவிட்டால் எந்த மாமியும் கண்டுபிடிக்கமாட்டார்.

கலக்காமல் மாட்டிக்கொண்டவர் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ். ‘டேவிட் கொப்பர்ஃபீல்ட்’ மாதாமாதம் தொடராக வந்தபோது, அயலில் இருந்த குள்ளமான பெண்மணி ஒருவரைப் பார்த்து மிஸ் மௌச்சர் என்ற பாத்திரத்தை எழுதினார். அந்தப் பெண்மணி 1849 டிசம்பரில் மனம் நொந்து கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் வருத்தம் தெரிவித்து, பின்னால் வந்த பகுதியில் மிஸ் மௌச்சரை நல்லவளாக மாற்றிவிட்டார். மனிதராக அவர் செய்தது சரி. கதையாகப் பார்த்தால், எனக்கு அந்த இரண்டாவது மிஸ் மௌச்சர் மன்னிப்புக் கடிதம் போலத்தான் தெரிகிறார். உங்கள் மாமியை அப்படி மாற்றிவிடாதீர்கள்.

தொல்காப்பியர் அகப்பாட்டில் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்றார். அதனால்தான் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று போகிறது. நல்ல விதி. ஆனால் நம் ஊரில் பெயரை எடுத்தால் மட்டும் காணாது. கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்று எழுதினாலே, வளவு யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் மாமியைத் திருக்கோவில் என்ற ஊருக்கு அனுப்புங்கள். தேங்காயை நெல் மூட்டை ஆக்குங்கள், அல்லது மாமியை மாமா ஆக்குங்கள். இது ஒளிப்பதற்கு மட்டும் இல்லை. மாற்றிய உடனே உங்களுக்குத் தெரிந்த பதில்கள் உதவாமல் போகும், நீங்களே யோசித்தாக வேண்டும். திருக்கோவில் மாமா நெல்லை எண்ணுவாரா, கையால் அளைந்து பார்ப்பாரா? அந்த இடத்தில் அவர் உங்கள் மாமியிடமிருந்து பிரிந்து தனி ஆளாகப் போகத் தொடங்குவார்.

கடைசிக் கேள்வி, திருத்திய கதையை மாமியிடம் காட்டலாமா? இப்போதைக்கு வேண்டாம். கதையைக் கொண்டுபோனால் வழக்குப் பேசத்தான் போயிருக்கிறீர்கள் என்று நினைப்பார். வெறுங்கையோடும் போகாதீர்கள், ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டுபோங்கள். தேங்காய் பறிக்கிற நாளாகப் பார்த்துப் போய், கூட நின்று குவிக்க உதவி செய்யுங்கள். கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, எண்ணும்போது பாருங்கள். வாய்விட்டு எண்ணுவாரா, மனதுக்குள்ளா? ஒவ்வொன்றாகவா, சோடி சோடியாகவா? நான்கு பக்கம் எழுதிய நீங்கள் அதை எங்கும் சொல்லவில்லை.