வயரா, வயர்லெஸ்ஸா?

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) இருக்கிறோம். பழைய பெரிய கம்ப்யூட்டர் கெட்டுப்போனதால், டிபன் டப்பா அளவில் ஒரு மினி பிசி வாங்கினோம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று மொத்தம் நான்கே யூஎஸ்பி போர்ட். என் வீட்டுக்காரர் தேயிலைக் கணக்கு எழுதுவதும் பேங்க் வேலை பார்ப்பதும் அதில்தான். நான் சாயந்திரம் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் மூன்றையும் வயர்லெஸ்ஸாகவே வாங்கச் சொல்கிறான் மகன். வயர் இருந்தால் எலி கடித்துவிடும் என்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு வயரோடு வாங்குங்கள். ஹெட்செட்டும் அப்படியே. மவுஸ் மட்டும் உங்கள் விருப்பம். குன்னூரில் 20 வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். மினி பிசி வந்த பிறகு என் மேஜைக்கு வருகிற புகார்களின் வகையே மாறிவிட்டது. அதை வைத்துத்தான் இப்படிப் பிரிக்கிறேன்.

போன வருஷம் அருவங்காட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டுத் துள்ளுகிறது, அம்புக்குறி ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது என்றார். பேட்டரி மாற்றினேன். வேறு மவுஸ் கொடுத்தேன். மூன்றாவது மவுஸும் துள்ளியது. கடையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடும். அவர் வீட்டுக்குப் போனதும் தகராறு. கடைசியில் நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மவுஸின் டாங்கிளுக்கு (மவுஸோடு பேச யூஎஸ்பியில் செருகும் சின்னத் துண்டு) பக்கத்துப் போர்ட்டில் பேரனின் போட்டோக்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க் செருகியிருந்தது. அதைக் கழற்றினேன். மவுஸ் அமைதியாகிவிட்டது.

காரணம் இதுதான். மவுஸ் டாங்கிள், ப்ளூடூத், வீட்டு வைஃபையின் ஒரு பகுதி எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 போர்ட்டில் தகவல் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது, அதே 2.4 பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கசிகிறது. இன்டெல் நிறுவனமே இதை அளந்து 2012-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. பெரிய கேபினெட்டில் டாங்கிளை முன்னாலும் ஹார்டு டிஸ்க்கைப் பின்னாலும் செருகிவிடலாம், நடுவில் ஒன்றரை அடி கிடைக்கும். உங்கள் டிபன் டப்பாவில் போர்ட்டுக்கும் போர்ட்டுக்கும் நடுவே ஒரு விரல் கூட நுழையாது. போதாததற்கு, அந்த இரும்புப் பெட்டியை மானிட்டரின் முதுகில் மாட்டிவிடுகிறோம். சின்ன டாங்கிள் பின்னால் மறைந்துகொள்கிறது, மவுஸ் முன்னால் இருக்கிறது.

அதனால் வயர்லெஸ் மவுஸ்தான் வேண்டும் என்றால், கூடவே ஒன்றிரண்டு அடி நீளத்தில் ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளும் வாங்குங்கள். டாங்கிளை அதில் செருகி, மேஜைமேல் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். போர்ட்டுக்குள் நீலமாக இருந்தால் அது பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும் போர்ட்டை டாங்கிளுக்கு ஒதுக்குங்கள். அந்தப் பெரியவருக்கும் இதைத்தான் செய்தேன். அதற்கப்புறம் அவரிடமிருந்து புகார் வரவில்லை.

கீபோர்டில் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லாதபோது முதலில் தேவைப்படுவது கீபோர்டுதான். விண்டோஸ் எழுந்து வருவதற்கு முன்னால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) போக வேண்டும், ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். ப்ளூடூத் கீபோர்டு அந்த நேரத்தில் பெரும்பாலும் வேலை செய்யாது. விண்டோஸ் வந்து கைகோத்த பிறகுதான் அதற்கு உயிர். டாங்கிள் வைத்த கீபோர்டு பரவாயில்லை. வயர் கீபோர்டு எப்போதும் வேலை செய்யும். மகன் அடம்பிடித்து ப்ளூடூத் வாங்கினாலும், பழைய வயர் கீபோர்டு ஒன்றைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருங்கள். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் அடிக்கும்போது, மரம் விழுந்து ராத்திரியெல்லாம் கரண்ட் போய்ப் போய் வரும். கம்ப்யூட்டர் எழ மறுப்பது பெரும்பாலும் அதற்கு மறுநாள் காலையில்தான். அன்றைக்கு அந்தக் கீபோர்டு இல்லாமல் திணறும் வீடுகளை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

பேங்க் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். 2016-ல் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம், பல கம்பெனிகளின் வயர்லெஸ் மவுஸ் டாங்கிள்கள் தகவலைப் பூட்டாமலே வாங்கிக்கொள்கின்றன என்று காட்டியது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் வேறொருவர் அந்த டாங்கிள் வழியாக உங்கள் கம்ப்யூட்டரில் எழுத்துகளைத் தட்ட முடியும். ஹட்டியில் யாரும் வந்து அப்படிச் செய்வார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் சந்தையில் பெயர் தெரியாத மலிவு டாங்கிளை வாங்கி, அதில் பாஸ்வேர்டு தட்டாதீர்கள்.

பேட்டரி விஷயம் மலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது. குளிரில் பேட்டரிக்குள் நடக்கிற வேதிவினை மெதுவாகிவிடும். மார்கழி, தை காலையில் மவுஸ் சோர்ந்து கிடப்பது அதனால்தான். சார்ஜ் செய்கிற பென்சில் பேட்டரி போட்டால் குளிரைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். ஆனால் அது 1.2 வோல்ட்தான், சாதாரணமானது 1.5. அதனால் சில மவுஸ்கள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சீக்கிரமே காட்டும், பயப்பட வேண்டாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே கிடந்து ஒழுகினால் கம்பிச்சுருளை அரித்துவிடும். ஆல்கலைன் பேட்டரி ஒழுகியிருந்தால் பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்துக் காயவிட வேண்டும். தீர்ந்த பேட்டரியைத் தோட்டத்தில் வீசாதீர்கள். தேயிலைச் செடிக்கடியிலும் ஓடையிலும் அவற்றைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கே தரும் விதிகள் 2022-ல் வந்துவிட்டன. நான் கடையில் ஒரு பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து போடலாம். நிறைந்ததும் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறேன்.

எலிக்கு வருவோம். மகன் சொல்வது பொய்யில்லை. ஆனால் மவுஸ் வயரை எடுத்துவிட்டாலும் கரண்ட் வயர், மானிட்டர் வயர், நெட் வயர் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன? எலி அவற்றையும் விடாது. எல்லா வயரையும் மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டி, தரையில் படாமல் தூக்கிவிடுங்கள். மேஜையில் முறுக்கு, பொரி வைத்துச் சாப்பிடுவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் கடித்தால், 300 ரூபாய் மவுஸ் ஒன்று போகும். கரண்ட் வயரைக் கடித்தால்தான் ஆபத்து, அதை முதலில் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டியூஷனுக்கு ஹெட்செட். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கேட்கும்போது நன்றாக இருக்கும். மைக்கில் பேச ஆரம்பித்ததும், அது பெரும்பாலும் போன்பேச்சு முறைக்கு மாறிக்கொண்டு சத்தத்தின் தரத்தைக் குறைத்துவிடும். உங்கள் குரல் பிள்ளைகளுக்குக் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அதோடு, உங்கள் உதட்டசைவு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது அந்தக் கால்நொடி தாமதமே பிள்ளைகளைக் குழப்பும். வயர் ஹெட்செட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மினி பிசியில் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான், மைக்கும் ஸ்பீக்கரும் அதிலேயே. பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு பின் உள்ள பழைய ஹெட்செட் என்றால், இரண்டையும் ஒன்றாக்குகிற சின்ன இணைப்பு வாங்க வேண்டும். யூஎஸ்பி ஹெட்செட் என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒரு போர்ட் போய்விடும்.

கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று, மீதி இரண்டு போர்ட். பிரிண்டரும் பென் டிரைவும் வந்தால் முடிந்தது. அப்புறமும் தேவை என்றால், தனியாகக் கரண்ட் அடாப்டர் உள்ள ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வாங்குங்கள். கணக்கு எழுதுகிற இடத்துக்கு நெட் சரியாக வரவில்லை என்றால், கல் சுவர் வீட்டில் வைஃபையோடு மல்லுக்கட்டாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு லேன் கேபிள் இழுத்துவிடலாம். 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் வெளியே இருக்கும் ஷெட்டுக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் இடி விழுந்தால் அந்த வழியாகவே வந்து இரண்டு பக்கத்தையும் சுட்டுவிடும். அதற்கு மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிள், அதாவது ஃபைபர்தான்.

கேள்வி: பதினைந்து வருஷமாக ஒரே கீபோர்டில் தமிழ் டைப் செய்கிறேன். புது மினி பிசியில் அந்த ஊதா நிற உருண்டை பின்னைச் செருக இடமே இல்லை. தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம் சார். அது பிஎஸ்/2 பின், 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது. கடையில் இரண்டு விதமான மாற்றுப் பின் கிடைக்கும். விரல் நுனி அளவில் வருவது வெறும் உருமாற்றம்தான்; யூஎஸ்பி மொழியும் தெரிந்த கீபோர்டில் மட்டும் அது வேலை செய்யும். உங்களுடையது பழசு, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். கீபோர்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே நான்கு வரி தட்டிப் பாருங்கள், முக்கியமாக ஷிஃப்ட்டோடு வரும் எழுத்துகளை.